வந்திக் கிழவியும் புளித்த ரொட்டியும்

மதுரையில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்றுப் பிழைத்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆள் வந்திக் கிழவிதான். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் அவளுக்கு அழியாத இடம் கொடுத்துவிட்டார். வைகையில் வெள்ளம் வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போடுகிறான். வந்திக்குப் பிள்ளை இல்லை, குட்டி இல்லை; தினம் பிட்டு அவித்து விற்று ஒரு வயிற்றைக் கழுவுகிறவள். ஆனாலும் அவள் பங்கு அவள் பங்குதான். அரண்மனைக் கணக்கில் கிழவிக்கென்று தனிக் கணக்குக் கிடையாது. அப்போது சிவபெருமானே கூலியாளாக வந்து நிற்கிறார். கூலி என்ன? உதிர்ந்த பிட்டு. சரி என்று கிழவி சம்மதிக்கிறாள். அன்றைக்கென்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போகிறது.

சிறு வயதில் இதைப் பக்திக் கதையாகக் கேட்டேன். இப்போது நாற்பதைத் தாண்டிய பிறகு, இது ஒரு வியாபாரக் கதையாகவும் என் கண்ணுக்குப் படுகிறது. முதல் போட்டு, கைவேலை செய்து, விற்று, வரி கட்டி, அந்தத் தினத்து வரும்படி முழுவதும் கூலிக்கே சரியாகப் போன ஒரு ஸ்திரீயின் கதை அது. மோட்சம் கிடைத்தது, வாஸ்தவம். ஆனால் அன்று மாலை அரிசி வாங்கக் காசு இருந்திருக்காது.

சிம்மக்கல்லிலிருந்து வைகைக் கரையோடு மேற்கே போனால் ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பு வருகிறது. ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த லீலையை இன்றும் அங்கே நடத்துகிறார்கள். சிம்மக்கல்லைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு கல் சிங்கத்தின் பெயரால் வழங்கும் இடம்; கூப்பிடு தூரத்தில் ஒரு கல் யானையின் பெயரால் யானைக்கல். பழைய சொக்கநாதர் கோயில் இங்கேதான் இருக்கிறது. மாவட்ட மைய நூலகம் இங்கே. கறிதோசைக்கென்று ஊர் ஊராக ஆட்கள் தேடிவரும் சாப்பாட்டுக் கடையும் இங்கே. புத்தியையும் நாக்கையும் ஒரே நடையில் திருப்தி செய்துகொள்ளக்கூடிய பேட்டை என்று சொல்லலாம்.

இந்தச் சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள், வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்கிற ஓர் அம்மாளிடம் நான் வாரம் ஒரு ரொட்டி வாங்குகிறேன். வாசலில் பலகை கிடையாது. முதல் நாள் போனில் சொல்லிவைக்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கிலீஷில் ‘சவர்டோ’ என்று பெயர் சொல்லும் ரொட்டி அது. சவர் என்றால் புளிப்பு; டோ என்றால் பிசைந்த மாவு. ஆக, புளித்த மா ரொட்டி. பெயரைத் தமிழில் சொன்னவுடனே அதன் சீமைக் கம்பீரம் பாதி போய்விடுகிறது அல்லவா? போகட்டும். இந்தக் கட்டுரையின் விஷயமே அதுதான்.

கடையில் வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, முன்கூட்டியே துண்டு போட்டு வருகிறதே, அந்த ரொட்டியோடு இதைச் சேர்த்துப் பேசக்கூடாது. அதை அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும். வாயில் போட்டால் பல்லுக்கு வேலை வைக்காமல் கரையும். இது உருண்டையாக, பனங்காய் நிறத்தில், மேலே கத்தியால் கீறிய இடம் வெடித்து உதடு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். தட்டினால் வெற்றுக் குடத்தைத் தட்டின மாதிரி சப்தம் வரும். மேல்தோல் கடிக்கும்போது நொறுங்குகிறது. கருகலுக்கு ஒரு மாத்திரை முன்னால் நிறுத்திய ருசி. உள்ளே ஈரப்பதத்தோடு, பெரிதும் சிறிதுமாகக் கண் விட்ட சதை. புளிப்பு என்றால் எலுமிச்சம்பழப் புளிப்பு அல்ல. இரண்டாம் நாள் தோசைமாவுப் புளிப்பு. வெண்ணெய் தடவிச் சாப்பிடலாம். நான் பூண்டு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தொட்டுச் சாப்பிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் கேட்டால் வருத்தப்படுவார்கள், மதுரைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள்.

முதல் தடவை ரொட்டி கைக்கு வந்ததும் சூட்டோடு பிய்க்கப் போனேன். அந்த அம்மாள் தடுத்துவிட்டார்.

“சார், இன்னும் ரெண்டு மணி நேரம் ஆறணும். சூட்டோட வெட்டுனா உள்ள பிசுபிசுன்னு ஒட்டும். அப்புறம் வேகலேன்னு என்னையத்தான் சொல்வீங்க.”

இதில் ஈஸ்ட் போடுவதில்லையா என்று கேட்டேன். அதற்கு அவர் சமையலறைக்குள் போய் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே சாம்பல் வெள்ளையில் நுரைத்துக்கொண்டு ஒரு கூழ். “இதுதான் சார் தாய்மாவு. மோருக்கு உறை ஊத்துறோம்ல, அது மாதிரிதான். தினம் கொஞ்சம் எடுத்துட்டு, புது மாவும் தண்ணியும் ஊத்திக்கிட்டே இருக்கணும். 2020-ல ஊரடங்கு போட்டப்ப ஆரம்பிச்சது. இன்னும் உசிரோட இருக்கு.”

உலகத்தின் ரொட்டிச் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மாவையும் தண்ணீரையும் கலந்து வைத்தால் சும்மா இருக்காது. மாவிலும் காற்றிலும் கையிலும் இருக்கிற நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் இரண்டு ஜாதி முக்கியம். ஒன்று காட்டு ஈஸ்ட்; இது மாவின் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது; ரொட்டி உப்புகிறது. மற்றொன்று மோரைப் புளிக்கவைக்கும் வகையைச் சேர்ந்த லாக்டிக் பாக்டீரியா. இதுதான் புளிப்பைத் தருகிறது. இரண்டும் ஒரே ஜாடியில் சண்டை போடாமல் குடித்தனம் நடத்துகின்றன. பாலைப் புளிக்கவைப்பது உயிருள்ள ஒரு பொருள் என்று லூயி பாஸ்டர் 1857-இல் எடுத்துச் சொல்லும் வரையில் இந்தக் குடித்தனத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஆனால் எகிப்து தேசத்தில் பிரமிடு கட்டிய காலத்திலிருந்தே ஜனங்கள் புளித்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். சமையலறை முந்திக்கொள்வதும் சாஸ்திரம் பிந்தி வருவதும் எந்தத் தேசத்திலும் வழக்கம்தான்.

எகிப்திலிருந்து யூதர்கள் புறப்பட்ட கதை விவிலியத்தில் யாத்திராகமத்தில் வருகிறது. அவசரத்தில் மாவு புளிக்கும் வரை காத்திருக்க முடியவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த ஞாபகமாகப் பஸ்கா பண்டிகையில் யூதர்கள் இன்றும் வீட்டிலுள்ள புளித்த மாவையெல்லாம் அகற்றிவிட்டுப் புளியாத ரொட்டியே உண்கிறார்கள். ஓய்வாக ஓரிடத்தில் இருக்கிறவனுக்குத்தான் புளித்த ரொட்டி. ஓடுகிறவனுக்கு அது கிடையாது என்பது இதிலிருந்து தெரிகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் ரொட்டிக்கு எந்த வார்த்தை போட்டார்கள்? அப்பம் என்று போட்டார்கள். அதை உப்பவைக்கும் பொருளுக்குப் புளித்த மா என்று போட்டார்கள். தமிழ்நாட்டில் எந்த அடுப்பங்கரைக்கும் அகராதி இல்லாமலே விளங்குகிற வார்த்தைகள்.

முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த பிளினி என்ற பெரியவர், முந்தின நாள் மாவில் கொஞ்சம் மிச்சம் வைத்து மறுநாள் மாவைப் புளிக்கவைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். காலியா தேசத்தாரும் ஸ்பெயின் தேசத்தாரும் பீர் மதுவின் நுரையைப் போட்டு ரொட்டி செய்கிறார்கள், அதனால் அவர்கள் ரொட்டி லேசாக இருக்கிறது என்றும் குறித்திருக்கிறார். ஆக, தாய்மாவு ஒரு கட்சி, மதுநுரை ஒரு கட்சி என்று அப்போதே இரண்டு கட்சி ஆகிவிட்டது. பாரீஸ் நகரத்தில் இது நியாயஸ்தலம் வரை போயிற்று. பீர் நுரை போட்ட மெத்தென்ற ரொட்டி உடம்புக்குக் கெடுதல் என்று 1668-இல் அந்த நகரத்து வைத்தியக் கல்லூரியார் வோட்டுப் போட்டுத் தீர்மானம் செய்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1670-இல், நுரை புதிதாக இருந்தால் போதும், விற்கலாம் என்று நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. வைத்தியர்கள் சொன்னதை ஜனங்கள் கேட்டிருந்தால் நியாயஸ்தலத்துக்கு வேலை வந்திராது. மெத்தென்ற பண்டத்துக்கு முன்னால் வைத்தியம் என்றைக்கு ஜெயித்திருக்கிறது?

நம் பக்கத்துக்கு வருவோம். புளித்த ரொட்டியை மேற்குக் கரையில் ஊன்றியவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1510-இல் கோவாவைப் பிடித்தார்கள். அவர்கள் பாஷையில் ரொட்டிக்குப் ‘பாவ்ங்’ என்பது போல மூக்கால் ஒலிக்கும் ஒரு சொல் உண்டு. பம்பாயில் அது பாவ் ஆயிற்று. இலங்கையில் பாண் ஆயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் ரொட்டி என்றால் வேறு பண்டம்; பாண் என்றால்தான் இது. அதைச் சுடும் அடுப்பைப் போறணை என்கிறார்கள்; அதுவும் அடுப்பைக் குறிக்கும் போர்த்துக்கீசிய வார்த்தையின் பேரன்தான். நம் மதுரையில் இந்த இரண்டு வார்த்தையும் இல்லை. வார்த்தை வராத ஊருக்கு வழக்கமும் தாமதமாகத்தான் வந்தது.

கோவாவில் கோதுமை மாவு கிடைத்தாலும் பீர் நுரைக்கு எங்கே போவது? தென்னங்கள் கைகொடுத்தது. மரத்திலிருந்து இறக்கின சில மணி நேரத்திலேயே கள் தானாக நுரைத்துப் பொங்கும், அதை விட்டுப் பிசைந்தார்கள், ரொட்டி எழும்பிற்று. கோவாவில் ரொட்டிக்காரனுக்குப் ‘போதேர்’ என்று பெயர். விடியற்காலையில் மூங்கில் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு இன்றும் வருகிறான். அவன் ரொட்டியில் கள் விடுவது பெரும்பாலும் நின்றுபோய் ஈஸ்ட் வந்துவிட்டது. பழைய ஆட்கள் அந்த ருசியைச் சொல்லிச் சொல்லி ஏங்குகிறார்கள்.

இதே கள்தான் ரொட்டிக்கு நம்மிடையே கெட்ட பெயரும் வாங்கிக் கொடுத்தது. கோவாவில் ஒரு கதை சொல்வார்கள். ஊர்க் கிணற்றில் ராத்திரி ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுவிடுவார்களாம் பரங்கிகள். காலையில் தெரியாமல் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களை ஊரார் ஜாதியை விட்டுத் தள்ளிவிடுவார்களாம். நடந்ததோ கட்டினதோ, ஒரு ரொட்டித் துண்டுக்கு ஒரு குடும்பத்தையே ஊரிலிருந்து பெயர்க்கும் பலம் உண்டு என்று ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

மதுரையிலும் அந்தப் பயம் இருந்தது. 1606-இல் ராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் இங்கே வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் இவ்வூரில் இருந்தார். பரங்கிகள் மாமிசம் தின்பவர்கள், மது குடிப்பவர்கள் என்று ஊரார் அவர்களை அண்டவிடுவதில்லை என்பதை நோபிலி சீக்கிரமே கண்டுகொண்டார். காவி உடுத்தினார். தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். ஒரு வேளை மட்டும் அரிசிச் சோறும் காய்கறியும் பாலும் உண்டார். தத்துவத்தில் வாதம் செய்யப் போகிறவர் முதலில் சாப்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது! சாப்பாடு எவ்வளவு பெரிய மதில் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வெள்ளைக்கார ராஜ்யத்தில் ரொட்டி மதில் தாண்டி உள்ளே வந்தது. ஆனால் விருந்தாளியாக வரவில்லை, மருந்தாக வந்தது. ஜுரத்தில் கிடக்கிறவனுக்குப் பாலில் நனைத்து இரண்டு துண்டு ரொட்டி. வைகைக்கு அக்கரையில் முன்னாளில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றும் பிறகு ராஜாஜி ஆஸ்பத்திரி என்றும் பெயர் வழங்கிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் இருக்கும். என் தலைமுறையில் பல பேருக்கு ரொட்டி வாசனை வந்தாலே தெர்மாமீட்டர் ஞாபகமும் வந்துவிடும். சௌக்கியமாக இருக்கிற மனுஷன் வீட்டில் ரொட்டி தின்றால், “உடம்புக்கு என்ன?” என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். டீக்கடையில் பன் பட்டர் ஜாம் தின்பது வேறு. அது வெளியூர்ப் பிரயாணம் மாதிரி, வீட்டுக் கணக்கில் சேராது.

கள்ளின் கதை இதற்கிடையில் வேறு விதமாகத் திரும்பிற்று. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் தளர்ந்தது, 1987 ஜனவரியிலிருந்து கள்ளுக்கு மறுபடி தடை. கள்ளின் நன்மை தீமையைப் பற்றி நான் இங்கே வழக்காட வரவில்லை. ஆனால் ஆப்பமாவுக்கு ஒரு கரண்டி கள் விடுகிற வழக்கம் இருந்த வீடுகளில் அது போய், சோடா உப்பும் ஈஸ்டும் வந்தன என்பது சமையலறைச் சரித்திரம். சட்டம் செய்கிறவர்கள் குடத்தைத்தான் பார்த்தார்கள், கரண்டியைப் பார்க்கவில்லை.

அந்த ஈஸ்ட் எங்கிருந்து வந்தது? 1868-இல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் பிளைஷ்மன் சகோதரர்கள் ஈஸ்டைக் கட்டியாக அழுத்தி விற்க ஆரம்பித்தார்கள். 1876-இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் அதைப் போட்டு ரொட்டி சுட்டுக் காட்டினார்கள். அன்றிலிருந்து தாய்மாவைப் பிள்ளை மாதிரி வளர்க்க வேண்டிய அவசியம் இல்லாமற்போயிற்று. 1961-இல் இங்கிலாந்தில் சோர்லிவுட் என்ற இடத்து ஆராய்ச்சிக்காரர்கள், யந்திரத்தில் மாவை அசுர வேகத்தில் அடித்து, மூன்றரை மணி நேரத்துக்குள் மாவு ரொட்டியாக வெளியே வரும் உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் தேசத்திலும் 1965-இல் சர்க்காரே மாடர்ன் பேக்கரி என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கிற்று. அரிசிப் பஞ்சமும் அமெரிக்கக் கோதுமையுமாக இருந்த காலம் அது. குறைந்த விலையில் ரொட்டி கொடுத்தது பெரிய உபகாரம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2000-இல் அந்த ஸ்தாபனத்தைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள்.

வேகம் ஒரு விலை கேட்கும். மாவு தானாக எழும்பக் காத்திருக்க நேரம் இல்லாதபோது, அதைத் தூக்கி நிறுத்த ரசாயனம் தேவைப்பட்டது. 2016 மே மாதத்தில் டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தார் கடை ரொட்டி, பன் வகைகளில் 38 மாதிரிகளைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் 84 சதவிகிதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்தது என்று வெளியிட்டார்கள். புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று சந்தேகிக்கப்படும் வஸ்து புரோமேட். அடுத்த மாதமே சர்க்கார் அதைத் தடை செய்தது. ஜுரக்காரனுக்கு இதம் என்று நாம் ஊட்டிக்கொண்டிருந்த பண்டத்தின் லட்சணம் இது.

சரி, அப்படியானால் சிம்மக்கல் சந்தில் சுடும் ரொட்டி பிரெஞ்சுப் பண்டமா, அமெரிக்கப் பண்டமா, நம் பண்டமா? கோதுமை நம்முடைய வயலில் விளைவதல்ல, வாஸ்தவம். ஆனால் புளிக்கவைக்கும் வித்தை? அதற்கு ஒரு மதுரைக்காரன் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நாம் ஈஸ்ட் வாங்குவதில்லை. அரிசியும் உளுந்தும் ஊறி அரைபட்டு, ஒரு ராத்திரி பானையில் கிடந்தால் தானாகப் பொங்குகிறது. 1965-இல் விஞ்ஞானிகள் சிலர் இதை ஆராய்ந்து, இட்லிமாவைப் பொங்கவைப்பது முக்கியமாக லூகனோஸ்டாக் என்ற லாக்டிக் பாக்டீரியா என்று எழுதினார்கள். புளிப்பு, பொங்கல் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆக, இட்லியும் சவர்டோவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒன்று ஆவியில் வெந்தது. ஒன்று அனலில் வெந்தது. இட்லியின் பெயர் 920-ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட வட்டாராதனை என்ற கன்னட நூலில் காணப்படுகிறது என்பதற்காகக் கன்னடக்காரர்கள் பெருமைப்படலாம். நமக்கு ஆட்சேபம் இல்லை.

நம் ஊருக்கு அதைவிடப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் இந்த நகரத்தின் இரவு வருகிறது. கடைகள் அடைத்தாகிவிட்டன. அப்பம், மோதகம் செய்து விற்கிற கூவியர் என்ற கூட்டத்தார் வேலை முடிந்த அசதியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்கள். அவர்கள் விற்ற பண்டங்களில் மெல்லடை என்று ஒன்று. அதற்குப் புலவர் சொல்லும் உவமை தேனடை. தேனடை என்றால் என்ன? கண் கண்ணாக இருப்பது. மாவுக்குள் காற்று புகுந்து, கூடு கட்டி, வேகும்போது அப்படியே நின்றுபோன பண்டத்துக்குத்தானே அந்த உவமை பொருந்தும்? அந்த அம்மாள் ரொட்டியை அறுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது எனக்கு இந்த உவமைதான் ஞாபகம் வந்தது. ரொட்டிக்காரர்கள் இந்தக் கண்களைப் பார்த்துத்தான் வேலையின் தரத்தை மதிப்பிடுகிறார்கள் என்று அவர் சொன்னார். சங்ககாலத்துப் புலவர் அதே இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

இவ்வளவையும் என் சிநேகிதர் ஒருவரிடம் சொன்னேன். அவர் நியாயமான மனுஷர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “விலை என்ன?” என்றார். இருநூற்றைம்பது ரூபாய் என்றேன். “புளித்த மாவுக்கு இருநூற்றைம்பதா! அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு இட்லி சாப்பிடலாமே” என்றார்.

ஆட்சேபம் சரியானதுதான். தினக்கூலிக்காரன் வீட்டுப் பண்டமாக இது இன்று இல்லை. அப்படி இருப்பதாகப் பாவனை செய்வதும் தகாது. இது சர்க்கரை வியாதிக்கு மருந்து, சகல ரோக நிவாரணி என்று விளம்பரம் செய்கிறவர்களையும் நான் நம்பவில்லை. ஆனால் அந்த இருநூற்றைம்பது ரூபாய் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ரொட்டிக்கு அரைக் கிலோ மாவு, முந்நூற்றைம்பது கிராம் தண்ணீர், பத்துக் கிராம் உப்பு, நூறு கிராம் தாய்மாவு. சாமான் விலை அதிகம் இல்லை. மற்றது நேரம். காலையில் தாய்மாவுக்குத் தீனி; அது பொங்கினபின் மாவைச் சேர்த்துப் பிசைவது; அரை மணிக்கு ஒரு தரம் மடிப்பது. மதுரையின் மே மாத வெயிலில் மாவு கண்மூடித் திறப்பதற்குள் பொங்கி வழிந்துவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு அடக்க வேண்டும். ராத்திரி முழுவதும் குளிர்ப்பெட்டியில். மறுநாள், இருநூற்று நாற்பது டிகிரிச் சூட்டில் இரும்புச் சட்டிக்குள் வைத்து மூடிச் சுடுவது. வீட்டு அடுப்பில் ஒரு தடவைக்கு ஒன்றுதான் வைக்க முடியும். நடுவில் மின்சாரம் போனால் ரொட்டியும் போயிற்று.

யந்திரம் மூன்றரை மணியில் முடிப்பதை இவர் ஒன்றரை நாள் செய்கிறார். அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு. நம் வீட்டுப் பெண்கள் இத்தனை தலைமுறையாக உளுந்து அரைத்தார்களே, அந்த நேரத்துக்கு யாராவது விலை போட்டோமா? 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சார ஆட்டுக்கல் செய்தார். பெண்களின் கையும் தோளும் பிழைத்தன. பிறகு அந்த யந்திரத்தை வீட்டில் வைத்துக்கொண்டே, ‘இங்கே இட்லி மாவு கிடைக்கும்’ என்று வாசலில் எழுதிப் போட்டுப் பெண்கள் சம்பாதிக்க ஆரம்பித்தார்கள். மதுரையில் அந்த எழுத்து இல்லாத தெரு குறைவு. சும்மா கிடைத்துக்கொண்டிருந்த உழைப்புக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக விலைச்சீட்டு ஒட்டினார்கள். ரொட்டி சுடுகிற அம்மாள் அந்த வரிசையில் அடுத்தவர்.

இவரும் சர்க்காருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்தான். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வீட்டில் செய்து விற்கிறவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்திருக்கிறார். பாண்டியன் கணக்கைவிட இது எவ்வளவோ மேல். 2011-இல் வந்த விதிகள் சிறு வியாபாரிக்கு வேறு, பெரிய ஆலைக்கு வேறு என்று பிரித்துத்தான் வைத்தன. வந்திக்கு இப்படி ஒரு விதி இருந்திருந்தால் சிவபெருமான் முதுகில் அடி வாங்கியிருக்க வேண்டாம்.

சான்பிரான்சிஸ்கோவில் பூடின் என்ற ரொட்டிக் குடும்பத்தார் 1849-இல் தங்கவேட்டைக் காலத்தில் கடை வைத்தார்கள். 1906-இல் பூகம்பமும் தீயும் ஊரை அழித்தபோது, அந்த வீட்டு எஜமானி லூயிஸ் பூடின் தாய்மாவை ஒரு வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று சொல்வார்கள். மாவைத் திரும்ப வாங்கலாம், கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம், ஐம்பது வருஷத்துப் புளிப்பை எந்தக் கடையில் வாங்குவது என்பது அவள் கணக்கு. நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கவலை வந்ததில்லை. காரணம், உறை ஒரு வீட்டில் கெட்டால் அடுத்த வீட்டில் இருக்கும். விளக்கு வைத்த பிறகு மோர் தரமாட்டார்கள். அதற்கு முன்னால் போனால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். தெருவே சேர்ந்து ஒரு தாய்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

சில மாதங்களுக்கு முன் நான் ரொட்டி வாங்கப் போயிருந்தபோது, செல்லூரிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தாள். தானும் ரொட்டி சுட்டு விற்கப் போகிறாளாம். தாய்மாவு கொஞ்சம் வேண்டுமாம். அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தார். எத்தனை மணிக்கு எவ்வளவு மாவு போட வேண்டும் என்றும் விவரமாகச் சொல்லி அனுப்பினார். காசு வாங்கவில்லை. அவள் போனதும், “உங்களுக்கே போட்டி ஆயிடுமே அம்மா?” என்றேன்.

“உறை கேட்டு வந்த பிள்ளையை இல்லேன்னு அனுப்பலாமா சார்? அடுத்த மாசம் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், ராஜபாளையம் போறேன். பத்து நாள் இதுக்குத் தீனி போட ஆளில்ல. செத்துப்போச்சுன்னா அவகிட்டத்தானே போய் நிக்கணும்?”

வந்திக்கு அப்படிப் போய் நிற்க ஒரு வீடு இல்லை. அதனால்தான் ஆண்டவன் வர வேண்டியிருந்தது.